கொடுத்துவிட்டுப் போவதும் கூடவே குடியிருப்பதும்

ஸதகாவைப் பற்றி நம் பத்திரிகைகளில் எழுதப்படாத ஆண்டு கிடையாது. எவ்வளவு கொடுக்க வேண்டும், எப்போது கொடுக்க வேண்டும், யாருக்குக் கொடுக்கலாம், யாருக்குக் கொடுக்கலாகாது என்பனவற்றையெல்லாம் ஆலிம் பெருமக்கள் விளக்கமாக எழுதியிருக்கிறார்கள். அதில் கை வைக்க எனக்குத் தகுதியும் இல்லை, தைரியமும் இல்லை. நான் கேட்க நினைப்பது அவற்றை ஒட்டிய வேறொரு கேள்வி. கொடுக்கிறவன் எங்கே குடியிருக்கிறான்? வாங்குகிறவனின் பக்கத்து வீட்டிலா, பக்கத்துப் பேட்டையிலா, அல்லது வண்டி வைத்து வந்துவிட்டு வண்டியிலேயே திரும்பிப் போகும் தூரத்திலா? கொடுக்கும் பொருள் ஒன்றாகவே இருக்க, இந்த இடவேறுபாட்டால் கொடையின் தன்மை மாறுமா?

இந்தக் கேள்வி எனக்குக் கிதாபு படித்து வந்ததல்ல. ஒரு பெண்மணி முகத்துக்கு நேரே கேட்டு வந்தது.

சிந்தாதிரிப்பேட்டையில் எங்கள் பள்ளிவாசல் வாசலில் நோன்புப் பெருநாளைக்கு முன்னால் பித்ரா அரிசி கொடுத்துக்கொண்டிருந்தோம். வழக்கம்போல நோட்டுப் புத்தகம், டோக்கன், வரிசை. அந்தப் பெண்மணியின் முறை வந்தது. நோட்டில் அவர் பெயர் இருந்தது. ஆனால் அதன் மேல் சிவப்பு மையில் ஒரு கோடு. "அம்மா, நீங்க இப்ப நம்ம மஹல்லாவுல இல்லையே" என்றார் நோட்டைப் பார்த்தவர். அவர் கெட்ட மனிதரல்ல. கணக்கு சரியாக இருக்க வேண்டும் என்று நினைப்பவர், அவ்வளவுதான்.

"நானா போனேன், பாய்?" என்றார் அந்த அம்மா. "கூவம் கரையிலேந்து லாரியில ஏத்துனாங்க, பெரும்பாக்கத்துல எறக்குனாங்க. காலையில எழுந்து பஸ்ஸு புடிச்சு மூணு வீட்டு வேலைக்கு இங்கதான் வர்றேன். எங்க வூட்டுக்காரர் மையத்த இந்தப் பள்ளியிலேந்துதான் எடுத்தீங்க. இப்ப நான் எந்த மஹல்லா, சொல்லுங்க."

யாரும் ஒன்றும் சொல்லவில்லை. பக்கத்தில் நின்ற ஒரு பையன் தன் கையிலிருந்த பையை அவரிடம் நீட்டினான். வாங்கிக்கொண்டார். வாங்காமல் போக அவருக்கு வசதியில்லை. ஆனால் போகும்போது அந்த நோட்டுப் புத்தகத்தை ஒரு முறை பார்த்துவிட்டுத்தான் போனார்.

கோடு போட்டவர் பக்கத்திலும் நியாயம் உண்டு என்பதைச் சொல்லிவிட வேண்டும். ஜகாத்தை அந்தந்த ஊர் ஏழைகளுக்கே கொடுக்க வேண்டும், உள்ளூரில் உரியவர் இருக்க வெளியூருக்கு அனுப்பலாகாது என்பது ஷாஃபிஈ மத்ஹபின் பிரபலமான கருத்து. ஹனஃபி மத்ஹபில், உறவினராகவோ அதிகத் தேவையுடையவராகவோ இருந்தால் வெளியூருக்கும் அனுப்பலாம். இந்த விதியின் நோக்கமே அண்டை வீட்டுக்காரனை மறந்துவிட்டுத் தூரத்துப் புகழைத் தேடிப் போகக் கூடாது என்பதுதான் என்று எனக்குப் படுகிறது. அப்படியானால், அண்டை வீட்டுக்காரனை யாரோ தூக்கிக்கொண்டு போய் 25 கிலோமீட்டருக்கு அப்பால் வைத்துவிட்டால், அவன் அண்டை வீட்டுக்காரனாக இருப்பது நின்றுவிடுகிறதா? ஃபத்வா கொடுக்க நான் வரவில்லை. ஆனால் அண்டை வீட்டார் உரிமை என்பது பட்டா எண்ணைப் பொறுத்தது என்று சொல்ல என் மனம் ஒப்பவில்லை.

இனிச் சிந்தாதிரிப்பேட்டையின் கதைக்கு வருவோம். ஏனெனில் இந்தப் பேட்டையே ஒரு குடியேற்றம்தான். ஏழைகளைக் கொண்டுவந்து குடிவைத்த இடம். ஏழைகளை அங்கிருந்து கொண்டுபோன கதை பிறகு வருகிறது.

1734-ஆம் ஆண்டு. சென்னைப்பட்டணத்தில் கம்பெனியின் கவர்னராக இருந்தவர் ஜார்ஜ் மார்ட்டன் பிட். கம்பெனியின் உயிர்நாடி துணி வியாபாரம். சீமைக்கு அனுப்பத் துணி வேண்டும். துணி நெய்ய ஆள் வேண்டும். நெசவாளர்கள் பட்டணத்துக்கு வெளியே ஊரூராகச் சிதறிக் கிடந்தார்கள். அவர்களைக் கோட்டைக்கு அருகில் ஒரே இடத்தில் குடிவைத்தால் நல்லதென்று கவர்னருக்குத் தோன்றியது. கூவம் ஆறு வளைந்து மூன்று பக்கமும் அணைத்துக்கொண்டு போகிற ஓர் இடம் கண்ணில் பட்டது. தறிக்காரனுக்குக் கூரை மட்டும் போதாது. பாவு ஓட்ட நீளமான தெரு வேண்டும், நிழல் வேண்டும், நூலையும் துணியையும் அலசத் தண்ணீர் வேண்டும். எல்லாம் அங்கே இருந்தன. இல்லாதது ஒன்றே ஒன்று. அந்த இடம் கம்பெனியுடையதாக இல்லை.

அது சுங்குராமன் என்பவரின் தோட்டம். கம்பெனியின் தலைமை வணிகராக இருந்து, பிறகு செல்வாக்கிழந்தவர் அவர். கம்பெனிக்கு வேண்டியவராக இருந்தவரையில் தோட்டமும் அவருடையதாக இருந்தது. கம்பெனிக்கு வேண்டியபோது தோட்டம் அவர் கையை விட்டுப் போனது. அந்த மண்ணில் சின்னத் தறிகளின் பேட்டை எழுந்தது. சின்னத் தறிப் பேட்டைதான் நாவில் உருண்டு சிந்தாதிரிப்பேட்டை ஆயிற்று.

இங்கே குடியேறுவதற்கு நெய்பவர், நூற்பவர், துணியில் சாயமும் சித்திரமும் தீட்டுபவர், வெளுப்பவர் ஆகியோரும், அவர்களுடைய கோயில் ஊழியருமே அனுமதிக்கப்பட்டனர். வீடு கட்டிக்கொள்ள முன்பணம் கிடைத்தது. கம்பெனியின் துபாஷிகள் முன்னின்று குடிகளைச் சேர்த்தனர். அவர்களில் ஒருவரான ஆதியப்ப நாராயண செட்டி கட்டிய இரட்டைக் கோயில் இன்றும் பேட்டையின் நடுவில் இருக்கிறது. பார்க்கப்போனால், ஏழைத் தொழிலாளிக்கு வீடு, தெரு, தண்ணீர், தொழில், வழிபாட்டுக்கு இடம் எல்லாம் ஒரே இடத்தில். இதற்கு மேல் என்ன வேண்டும்?

இதைத் தர்மம் என்று சொல்லலாமா என்பதில்தான் நான் நின்றுவிடுகிறேன். கொடுத்தவனுக்குத் துணி வேண்டியிருந்தது என்பது ஒரு குறை. ஆனால் அது பெரிய குறையல்ல. இரு தரப்பும் பயனடையும் ஏற்பாட்டை இஸ்லாம் வெறுக்கவில்லை. முன்பணம் என்பது வாங்குகிறவனைக் கட்டிப்போடும் கயிறு என்பது இன்னொரு குறை. முன்பணம் வாங்கிய நெசவாளி அடுத்த வியாபாரிக்குத் துணி விற்க முடியாது, விலை பேச முடியாது. இதுவும் பெரிய குறைதான். எல்லாவற்றிலும் பெரியது காலுக்கடியில் இருக்கிறது. ஒருவனிடமிருந்து எடுத்த மண்ணில் இன்னொருவனுக்குச் செய்யும் உபகாரம் உபகாரமா?

நம்மவர்களுக்கு இந்தக் கேள்வி புதிதல்ல. பெருமானார் (ஸல்) அவர்கள் மதீனா வந்து சேர்ந்ததும் பள்ளிவாசல் கட்ட ஓர் இடம் தேவைப்பட்டது. ஒட்டகம் மண்டியிட்ட இடம், பேரீச்சம் பழம் உலர்த்தும் களம். ஸஹ்ல், சுஹைல் என்ற இரண்டு அனாதைச் சிறுவர்களுக்குச் சொந்தமானது. அந்தச் சிறுவர்கள் இலவசமாகத் தந்துவிடவே முன்வந்தார்கள். பெருமானார் ஏற்கவில்லை, விலை கொடுத்து வாங்கிய பிறகே கட்டடம் எழுந்தது. யோசித்துப் பாருங்கள். கேட்பவர் அல்லாஹ்வின் தூதர். கட்டப்போவது அல்லாஹ்வின் இல்லம். கொடுப்பவர்களோ மனமுவந்து கொடுக்கிறார்கள். இருந்தும் அனாதையின் நிலம் என்பதால் விலை கொடுக்கப்பட்டது. ஒரு சிறுவன் ஒரு பெரிய மனிதரின் முன்னால் நின்று சரி என்று சொல்வதற்கு எவ்வளவு சுதந்திரம் உண்டு என்பதை அறிந்தவர் அவர்.

ஹழரத் உமர் (ரலி) அவர்களின் ஆட்சியில் அதே பள்ளிவாசலை விரிவாக்க வேண்டி வந்தது. பக்கத்தில் பெருமானாரின் சிறிய தந்தை அப்பாஸ் (ரலி) அவர்களின் வீடு. கலீஃபா விலை தருவதாகச் சொன்னார். வேறிடத்தில் வீடு தருவதாகச் சொன்னார். அப்பாஸ் (ரலி) மறுத்துவிட்டார்கள். வழக்கு உபை இப்னு கஅப் (ரலி) அவர்களிடம் தீர்ப்புக்குப் போனது. தீர்ப்பு கலீஃபாவுக்கு எதிராக வந்தது. உரிமையாளர் சம்மதமில்லாமல் வீட்டை எடுக்க முடியாது, பள்ளிவாசலுக்கானாலும் சரி. உமர் (ரலி) தலை வணங்கி ஏற்றார்கள். அதற்குப் பிறகுதான் அப்பாஸ் (ரலி), இப்போது நானாகவே முஸ்லிம்களுக்குத் தந்துவிட்டேன் என்று காசு வாங்காமல் கொடுத்தார்கள். நஷ்ட ஈட்டை முதலில் மறுத்தவர், உரிமை நிலைநாட்டப்பட்டதும் இலவசமாகக் கொடுத்தார் என்பதில் மனித மனத்தைப் பற்றிய பெரிய பாடம் இருக்கிறது. அவருக்கு வேண்டியிருந்தது பணமா?

பறித்த நிலத்தில் தொழுதால் தொழுகை கூடுமா என்று நம் ஃபிக்ஹு கிதாபுகளில் விரிவான பேச்சே உண்டு. பெரும்பாலான இமாம்கள் கடமை நிறைவேறிவிடும், பாவமும் சேரும் என்றார்கள். ஹன்பலி மத்ஹபில் தொழுகையே கூடாது என்ற கருத்து பிரபலமானது. தொழுகைக்கே இந்தக் கதியென்றால் தர்ம ஸ்தாபனங்களுக்கு என்ன கதி?

சுங்குராமன் ஏழையல்ல, அவருக்காகக் கண்ணீர் விடச் சொல்லவில்லை. ஆனால் ஒரு குடியிருப்பை ஏற்படுத்தும்போதே, யாருக்கு எங்கே இடம் என்பதை ஆட்சியிலிருப்பவன் தன் தேவையைக் கொண்டு தீர்மானித்தான் என்பதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். அந்தத் தேவை தீர்ந்தபோது என்ன ஆயிற்று? பத்தொன்பதாம் நூற்றாண்டில் லங்காஷயர் ஆலைத் துணி கப்பல் கப்பலாக வந்து இறங்கியது. தறிச் சத்தம் ஒவ்வொரு தெருவாக அடங்கியது. பெயரில் மட்டும் தறி மிச்சம். பேட்டை வேறு தொழில்களுக்கு மாறியது. மீன் மார்க்கெட் வந்தது, அச்சகங்கள் வந்தன, பக்கத்தில் ரிச்சி தெரு எலக்ட்ரானிக் கடைகள் வந்தன. அந்தக் கடைகளில் சுமை தூக்கவும், மார்க்கெட்டில் மீன் ஆயவும், வீடுகளில் பாத்திரம் துலக்கவும் ஆள் வேண்டியிருந்தது. ஆள் வந்தது. இந்த முறை வீடு கட்ட முன்பணம் கொடுக்க எவரும் இல்லை. வந்தவர்கள் கூவம் கரையில் தாங்களாகவே குடிசை போட்டுக்கொண்டார்கள்.

இடையில் ஒரு சிறு விஷயம். சிந்தாதிரிப்பேட்டையில் தறிகள் ஓடிய அதே நாட்களில் லண்டன் மாநகரின் கிழக்குப் பகுதியான ஸ்பிட்டல்பீல்ட்ஸிலும் அகதி நெசவாளர்கள் குடியிருந்தார்கள். பிரான்ஸில் மதக் கொடுமைக்கு அஞ்சி ஓடி வந்த புராட்டஸ்டண்டுகள். பிரிக் லேன் தெருவில் 1743-இல் எழுந்த அவர்களுடைய தேவாலயம், பிறகு மெத்தடிஸ்டுகளின் ஆலயமாகி, 1898-இல் யூதர்களின் ஆலயமாகி, 1976-இல் பங்களாதேஷ் முஸ்லிம்களின் ஜாமிஆ மஸ்ஜித் ஆகியிருக்கிறது. ஒரே கட்டடம், ஒன்றன்பின் ஒன்றாக வந்த ஏழைகள். ஏழைப் பேட்டைகளுக்கு உலகெங்கும் ஒரே ஜாதகம் போலும்.

அந்தப் பிரிக் லேனிலிருந்து நடந்து போகும் தூரத்தில்தான், 1884-ஆம் ஆண்டு கிறிஸ்துமஸுக்கு முதல் நாள், ஒரு புதுமை நடந்தது. சாமுவேல் பார்னெட் என்ற பாதிரியாரும் அவர் மனைவி ஹென்ரியட்டாவும் ஒயிட்சாப்பல் சேரியில் ஒரு வீட்டைக் கட்டி, ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக இளைஞர்களைக் கூப்பிட்டு, இங்கே வந்து உதவி செய்யுங்கள் என்று சொல்லாமல், இங்கே வந்து குடியிருங்கள் என்றார்கள். முந்தைய ஆண்டு இறந்துபோன ஆர்னால்ட் டாயின்பி என்ற இளம் ஆசிரியரின் நினைவாக டாயின்பி ஹால் என்று பெயர். பகலில் வேலைக்குப் போய்விட்டு இரவில் சேரிக்குத் திரும்பி, வகுப்பு நடத்தி, வழக்குகளுக்கு ஆலோசனை சொல்லி, பக்கத்து வீட்டுச் சாக்கடையின் நாற்றத்தைத் தாங்களும் முகர்ந்து வாழ்ந்தார்கள். ஏழையின் கஷ்டத்தைக் கேட்டுத் தெரிந்துகொள்ள முடியாது, பக்கத்தில் இருந்தால்தான் தெரியும் என்பது பார்னெட்டின் எண்ணம். அங்கே தங்கியவர்களில் ஒருவர் வில்லியம் பெவரிட்ஜ். பிரிட்டனின் சமூகக் காப்பீட்டுத் திட்டத்துக்கு 1942-இல் அறிக்கை எழுதியவர். இன்னொருவர் கிளமெண்ட் அட்லி. 1945-இல் பிரதமராகி அந்தத் திட்டத்தை நிறைவேற்றியவர். இந்தியாவுக்குச் சுதந்திரம் வந்தது இவர் ஆட்சியில்தான்.

டாயின்பி ஹாலைப் பார்த்துவிட்டுப் போன ஜேன் ஆடம்ஸ் என்ற அமெரிக்கப் பெண்மணி, தோழி எலன் கேட்ஸ் ஸ்டாருடன் 1889-இல் சிக்காகோவில் ஹல் ஹவுஸைத் தொடங்கினார். இத்தாலியர், கிரேக்கர், யூதர் என்று பல நாட்டு அகதிகள் நெருக்கியடித்து வாழ்ந்த இடம். குப்பை அள்ளப்படாததால் குழந்தைகள் சாகின்றன என்று கண்டு, அந்த வட்டாரத்தின் குப்பைப் பரிசோதகர் வேலையையே கேட்டு வாங்கிக்கொண்டு, விடியற்காலையில் குப்பை வண்டியின் பின்னால் போனவர் அவர். 1931-இல் நோபல் சமாதானப் பரிசு பெற்றார். அதே 1931-இல் வட்ட மேஜை மாநாட்டுக்குப் போன காந்திஜி, லண்டன் ஹோட்டல்களை விட்டுவிட்டுக் கிழக்கு லண்டனில் மியூரியல் லெஸ்டர், டோரிஸ் லெஸ்டர் சகோதரிகள் நடத்திய கிங்ஸ்லி ஹாலில் மொட்டை மாடி அறையொன்றில் சுமார் 12 வாரம் தங்கினார். அதுவும் இதே மாதிரியான குடியிருப்பு வீடுதான்.

நம் நாட்டுக்கும் இது வந்தது. பம்பாயில் நாக்பாடா என்ற பகுதி. முஸ்லிம்கள் நிறைந்த, யூதரும் பிறரும் கலந்த ஏழைப் பேட்டை. அமெரிக்க மராத்தி மிஷனைச் சேர்ந்த கிளிஃபர்ட் மான்ஷார்ட் என்பவர் 1920-களின் பிற்பாதியில் அங்கே நாக்பாடா நெய்பர்ஹுட் ஹவுஸ், அதாவது அண்டை வீட்டார் இல்லம், என்ற ஒன்றை நிறுவினார். 1936-இல் சர் டோராப்ஜி டாட்டா பெயரில் இந்தியாவின் முதல் சமூக சேவைக் கல்லூரி அந்த இல்லத்தில்தான் தொடங்கிற்று. பிற்காலத்தில் டாட்டா சமூக அறிவியல் நிறுவனம் ஆனதும் அதுவே. நாக்பாடாவின் சந்துகளில் பிள்ளைகளுக்குக் கூடைப்பந்து பிடித்துப்போனது. அந்தப் பேட்டையிலிருந்து புறப்பட்ட அப்பாஸ் முன்தசிர் இந்திய அணியின் தலைவராகி அர்ஜுனா விருதும் பெற்றார்.

மிஷனரி என்றதும் நம்மில் சிலர் முகம் சுளிப்பது தெரியும். சுளிக்கட்டும். என் வெட்கம் வேறிடத்தில் இருக்கிறது. இல்லத்துக்கு அண்டை வீட்டார் என்று பெயர் வைத்திருக்கிறார்களே, அந்தச் சொல்லுக்கு நம் மார்க்கத்தில் இருக்கும் கனம் எவ்வளவு! அண்டை வீட்டான் பசித்திருக்கத் தான் மட்டும் வயிறு நிறைய உண்பவனின் ஈமானைப் பற்றிப் பெருமானார் சொன்னதை ஜும்ஆ மேடைகளில் எத்தனை முறை கேட்டிருக்கிறோம்! சொல் நம்மிடம் இருந்தது. வீடு வேறொருவர் கட்டினார்.

இந்த வீடுகள் குறையற்றவை என்று நான் சொல்லவில்லை. கிழக்கு லண்டனிலேயே வாழ்ந்து அந்த மக்களின் தலைவராக உயர்ந்த ஜார்ஜ் லான்ஸ்பரி, டாயின்பி ஹாலால் பெரிய பயனடைந்தவர்கள் ஏழைகளல்ல, அங்கே கொஞ்ச காலம் தங்கிவிட்டுப் பெரிய உத்தியோகங்களுக்குப் போன இளைஞர்களே என்று கசப்புடன் எழுதினார். அதில் உண்மையுண்டு. சேரியில் இரண்டாண்டு வாழ்வது பட்டதாரிக்கு அனுபவம். அங்கேயே பிறந்தவனுக்கு அது வாழ்க்கை. அவன் விரும்பினால் எழுந்து போய்விடலாம், இவன் போக முடியாது. ஹல் ஹவுஸின் கதை இன்னும் துயரமானது. 1960-களில் சிக்காகோவில் பல்கலைக்கழகம் கட்ட இடம் தேவைப்பட்டபோது, அந்த வட்டாரத்தையே இடித்தார்கள். மக்கள் சிதறினார்கள். பதின்மூன்று கட்டடங்களில் இரண்டை மட்டும் விட்டுவைத்து அருங்காட்சியகம் ஆக்கினார்கள். வேறிடங்களில் சேவையைத் தொடர்ந்த சங்கமும் 2012-இல் மூடப்பட்டது. அண்டை வீட்டாரைத் துரத்திவிட்டு, அண்டை வீட்டார் அன்பைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்துக் காட்டுகிறார்கள்.

கூவம் கரைக்குத் திரும்புவோம். தமிழ்நாட்டில் 1970-இல் குடிசை மாற்று வாரியம் ஏற்பட்டது; 1971-இல் சட்டம் வந்தது. தொடக்கத்தில், குடிசை இருந்த இடத்திலேயே அடுக்குமாடி கட்டி அதே மக்களைக் குடிவைப்பதே முக்கியமான வழியாக இருந்தது. நகருக்குள் அந்தப் பழைய மாடிகள் பல இன்றும் நிற்கின்றன. பிற்காலத்தில் நகருக்குள் நிலம் பொன்னாகிவிட்டது. 2000-ஆம் ஆண்டையொட்டிக் கண்ணகி நகரும், அதன் பிறகு பெரும்பாக்கத்தின் எட்டு மாடிக் கட்டடங்களும் எழுந்தன. 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு ஆற்றங்கரைகளைக் காலி செய்வது வேகம் பிடித்தது. 2019 டிசம்பர் இறுதியில், தீவுத்திடலை ஒட்டிய சத்தியவாணி முத்து நகர்க் குடும்பங்கள், பிள்ளைகளின் பள்ளி ஆண்டு முடிவதற்குக்கூடக் காத்திராமல் பெரும்பாக்கத்துக்கு ஏற்றப்பட்டன. வாரியத்துக்கு 2021-இல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று பெயரும் மாறியது.

ஆற்றங்கரைக் குடிசை ஆபத்தானது என்பதை நான் மறுக்கவில்லை. 2015 வெள்ளத்தின்போது பல பள்ளிவாசல்கள் மத பேதம் பாராமல் கதவைத் திறந்து வைத்திருந்ததை எல்லோரும் அறிவார்கள். அன்றிரவு தண்ணீர் ஏறிய வேகத்தைக் கண்டவன் எவனும் அந்தக் கரையிலேயே இருக்கட்டும் என்று சொல்லமாட்டான். கான்கிரீட் கூரையும், உள்ளேயே கழிவறையும் உள்ள வீடு சாதாரண விஷயமில்லை. அந்த அம்மாவே அதை ஒப்புக்கொள்வார். பின் என்ன குறை?

குறை என்னவென்று அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்களின் வாழ்க்கையில் எழுதியிருக்கிறது. மக்காவில் எல்லாவற்றையும் விட்டுவிட்டு மதீனாவுக்கு வெறுங்கையுடன் வந்தவர் அவர். பெருமானார் அவரை ஸஅத் இப்னு ரபீஉ (ரலி) என்ற மதீனத்துச் செல்வருடன் சகோதரராக இணைத்தார்கள். ஸஅத் தம் சொத்தில் பாதியைத் தருவதாகச் சொன்னார். அப்துர் ரஹ்மான் அவருக்கு பரக்கத்துக்காக துஆச் செய்துவிட்டு, சந்தை எங்கே இருக்கிறது என்று கேட்டார். போனார், பாலாடைக் கட்டியும் நெய்யும் விற்று லாபத்துடன் திரும்பினார். பாதி வீட்டைவிட ஒரு முழுச் சந்தை பெரிது என்பது அந்த அகதிக்குத் தெரிந்திருந்தது.

நாம் செய்தது இதற்கு நேர் மாறானது. வீட்டைக் கொடுத்தோம், சந்தையை எடுத்துக்கொண்டோம். சிந்தாதிரிப்பேட்டையில் விடியற்காலை மார்க்கெட்டில் கூடை இறக்கிவிட்டு, எட்டு மணிக்கு ஒரு வீட்டில் பாத்திரம் துலக்கி, மதியம் வீடு திரும்பிப் பிள்ளைக்குச் சோறு போட்டவளுக்கு, இப்போது போக வர மூன்று மணி நேரம் பஸ்ஸிலேயே கழிகிறது. 2021 முதல் சாதாரண பஸ்களில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்பதால் காசு மிச்சம். நேரத்துக்கு யார் கட்டணம் தருவார்கள்? 1734-இல் கம்பெனிக்குத் தறிக்காரன் தேவைப்பட்டான், வேலைக்கு அருகில் வீடு கொடுத்தது. லாபத்துக்காகச் செய்தாலும், தொழிலும் வீடும் பக்கத்தில் இருக்க வேண்டும் என்ற அளவுக்கு அந்த வியாபாரிகளுக்குப் புத்தி இருந்தது. இதை எழுதும்போது எனக்கே சங்கடமாக இருக்கிறது. ஆனாலும் அது உண்மை.

அரசாங்கத்தைக் குறை சொல்லிவிட்டு நாம் தப்பித்துக்கொள்வது எளிது. நோட்டில் கோடு போட்டது அரசாங்கம் அல்லவே. மையத்துக் கணக்கு முதல் நிக்காஹ் தப்தர் வரை ஒரு குடும்பத்தின் வரலாறு முழுவதும் நம்மிடம் இருந்தது. அந்தக் குடும்பம் லாரியில் ஏறிய அன்று, நம்மில் ஒருவராவது கூடப் போய் எங்கே இறக்குகிறார்கள் என்று பார்த்தோமா? நான் போகவில்லை. அதைச் சொல்லிவிடுவதுதான் மரியாதை.

நான் குடும்பஸ்தன், என்னைப் பெரும்பாக்கத்துக்குக் குடிபோகச் சொன்னால் போவேனா? போகமாட்டேன். வாசகர்களில் பெரும்பாலோரும் போகமாட்டார்கள். டாயின்பி ஹால் இளைஞர்களைப்போல இரண்டாண்டு போய்விட்டு வருவதற்கும் நமக்கு வயதில்லை. எங்கள் பள்ளி மோதினாரை எண்ணிப் பார்க்கிறேன். ஹவுளுக்குப் பக்கத்தில் ஒரு சிறு அறை, சொற்பச் சம்பளம். எந்த வீட்டில் காய்ச்சல், எந்த வீட்டில் மூன்று நாளாக அடுப்பு எரியவில்லை, எந்தப் பையன் பள்ளிக்கூடம் போகாமல் ரிச்சி தெருவில் சுற்றுகிறான் என்பதெல்லாம் நிர்வாகக் கமிட்டிக்குத் தெரியாது, அவருக்குத் தெரியும். குடியிருப்பு இயக்கம் என்று வெள்ளைக்காரர்கள் பெயர் வைத்ததை அவர் பெயர் வைக்காமலே செய்துகொண்டிருக்கிறார். அவரைத்தான் நாம் எந்தக் கூட்டத்துக்கும் கூப்பிடுவதில்லை.

திண்ணைத் தோழர்களான அஹ்லுஸ் ஸுஃப்பாவை எண்ணிப் பாருங்கள். வீடும் உறவும் இல்லாத அந்த ஏழை முஹாஜிர்களுக்கு ஊருக்கு வெளியே ஒரு முகாம் போடப்படவில்லை. பள்ளிவாசலுக்குள்ளேயே, பெருமானாரின் இல்லத்துக்கு அருகிலேயே அவர்களுடைய திண்ணை இருந்தது. அவர்களில் ஒருவரான அபூஹுரைரா (ரலி), பசி தாங்காமல் வயிற்றில் கல்லைக் கட்டிக்கொண்டு வழியில் அமர்ந்திருந்த நாளைத் தாமே சொல்லியிருக்கிறார். பெரியவர்கள் கடந்து போனார்கள். அவர் குர்ஆன் வசனம் ஒன்றைக் கேட்பதுபோலக் கேட்டும், பசி என்பதை அவர்கள் உணரவில்லை. பெருமானார் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டு புன்னகைத்து அழைத்துப் போனார்கள். வீட்டில் இருந்தது அன்பளிப்பாக வந்த ஒரு கிண்ணம் பால். திண்ணையிலுள்ள எல்லோரையும் கூப்பிடச் சொன்னார்கள். எனக்கு ஒரு மிடறாவது மிஞ்சுமா என்ற கவலையுடனேயே அபூஹுரைரா போய்க் கூப்பிட்டார். கிண்ணம் ஒவ்வொரு கையாகச் சுற்றி வந்தது. எல்லோரும் வயிறாரக் குடித்தார்கள். பிறகு அபூஹுரைரா, போதும் போதும் என்னும்வரை குடித்தார். கடைசியில் எஞ்சியதைப் பெருமானார் குடித்தார்கள்.

இந்தச் சம்பவத்தில் முஃஜிஸாத்தைப் பற்றிப் பேசாதவர் இல்லை. எனக்கு அந்த வரிசையே கண்ணில் நிற்கிறது. பசியோடிருந்தவர்களில் கொடுத்தவரும் ஒருவர். கிண்ணம் அவரிடம் வந்தது கடைசியாக. வாங்கியவர்கள் யாரும் வாசலில் நின்று வாங்கவில்லை. உள்ளே அமர்ந்து குடித்தார்கள்.

சென்ற ஷவ்வால் மாதம் எங்களில் நான்கு பேர் பெரும்பாக்கம் போனோம். பஸ்ஸில்தான் போனோம், மோதினார் வற்புறுத்தினார், அதனால் அவரும் வந்தார். நோட்டுப் புத்தகத்தையும் எடுத்துப் போயிருந்தோம். ஒரே மாதிரியான கட்டடங்கள், ஒரே மாதிரியான படிக்கட்டுகள். பிளாக் எண் தெரியாமல் அரைமணி நேரம் சுற்றினோம். கடைசியில் ஒரு சிறுவன், "பேட்டைப் பள்ளி மோதினாரு வந்துருக்காரு" என்று கத்திக்கொண்டே மாடிப்படியில் ஓடினான். அவனை அவர் அலிஃப், பே சொல்லிக்கொடுத்த நாளிலிருந்து அறிவார்.

அந்த அம்மா ஆறாம் மாடியில் இருந்தார். லிஃப்ட் ஓடவில்லை. நாங்கள் மூச்சு வாங்கிக்கொண்டு வாசலில் நின்றபோது, வந்த காரியத்தைச் சொல்ல வாயெடுத்த எங்கள் செயலாளரை அவர் பேசவிடவில்லை. பாயை விரித்து உட்காரச் சொன்னார். பக்கத்து வீட்டிலிருந்து டம்ளர் வாங்கி வரப் பேத்தியை அனுப்பினார். ஐந்து பேருக்கும் டீ ஊற்றிக் கொடுத்துவிட்டு, எல்லோரும் குடித்தபின் பாத்திரத்தில் மிஞ்சியதைத் தமக்கு ஊற்றிக்கொண்டு, "சொல்லுங்க பாய், எதுக்கு வந்தீங்க?" என்றார்.